உருளாத பந்தும் என் மூளிக் காதும்

எனக்கு ஏழு வயதாகியும் காது குத்தவில்லை. வகுப்பில் எல்லாப் பெண் பிள்ளைகளும் தோடு போட்டிருக்க, நான் மட்டும் மூளிக் காதோடு திரிந்தேன். கோளாறு என் காதில் இல்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் காது குத்துவதில்லை. என் அப்பாவுக்கும் மாமாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

பன்வில பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் அப்பா மெஷின் பழுதுபார்க்கும் ஃபிட்டர். தோட்டத் துரையிடம் கெஞ்சி, அம்மாவின் தம்பிக்கும் அங்கேயே வேலை வாங்கிக் கொடுத்தார். இரண்டு வருஷம் அப்பாவுக்குக் கீழே வேலை பழகிய மாமா, ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் கண்டி டவுனில் ஒரு வீடியோ கேம் கடையைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டார். துரை முகத்தில் எப்படி முழிப்பேன் என்று குதித்த அப்பா, அதன் பிறகு மாமாவின் பெயரையே வீட்டில் எடுக்க விடவில்லை.

ஒரு சனிக்கிழமை என் காலுக்குச் சப்பாத்து வாங்கக் கண்டிக்குப் போனோம். அம்மா என்ன மந்திரம் போட்டாரோ, திரும்பும்போது மூவரும் மாமாவின் கடைப் படியில் ஏறிக்கொண்டிருந்தோம்.

“ஒன் காது விஷயமாத்தான் போறோம். நீ வாயத் தொறக்காத” என்றார் அம்மா என்னிடம்.

எங்களைக் கண்டதும் மாமா எழுந்து நின்றார். அப்பா சுவரைப் பார்த்தார். மாமா ஒரு மெஷினில் தொங்கிய அட்டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, என்னை அதன் முன்னால் உட்கார வைத்தார். அட்டையில் ‘பழுது’ என்று இருந்ததை நான் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டேன். நல்ல மெஷின்கள் வரிசையாக நிற்க எனக்கு ஏன் இது என்று விளங்கவில்லை.

அதில் கைப்பிடி கிடையாது. பலகையில் பாதி புதைந்திருந்த பந்தை உள்ளங்கையால் உருட்டினால், திரையில் ஒரு கோலிக்குண்டு ஓட வேண்டும். என் குண்டு மேலும் கீழும் போனதே தவிர, பக்கவாட்டில் அசைய மாட்டேன் என்றது. வளைவு வந்தபோதெல்லாம் பள்ளத்தில் விழுந்தது. பந்துக்கு அடியில் கிரீச் கிரீச்சென்று சத்தம் வேறு. அப்பாவின் தலை லேசாகத் திரும்பியது.

மாமா மூடியைக் கழற்றிப் பந்தை வெளியே எடுத்தார். பிறகு மேசை லாச்சியை இழுத்துத் தேங்காய் எண்ணெய் போத்தலை எடுத்துச் சாய்க்கப் போனார்.

“டேய், நிறுத்து! பேரிங்குக்கு யாராச்சும் தேங்கா எண்ணெ ஊத்துவானா? ரெண்டு வருசம் என்னத்தடா படிச்ச?”

“மறந்து போச்சு மச்சான்.”

அப்பா சட்டைக் கையை மடித்தார். மாமா மண்ணெண்ணெய்க்கு ஓடினார். உள்ளே பேரிங்கில் சுற்றும் சின்ன உருளைகளைக் கழற்றி, சுற்றியிருந்த அழுக்கை நகத்தால் சுரண்டி, ஊற வைத்து, துடைத்து, ஒரு மணி நேரம் இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்திருந்தார்கள். பேச்செல்லாம் பேரிங். என் காதைப் பற்றி ஒரு சொல் இல்லை. வாயைத் திறக்காதே என்று சொல்லியிருந்ததால் அழக்கூட முடியவில்லை. அம்மாவோ நிம்மதியாகச் சோடா குடித்துக்கொண்டிருந்தார். அவரும் என் காதை மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடி, “தைப்பூசத்துக்குக் குத்திரலாம். தோடு பாத்து வை” என்றார். இதை எப்போது பேசி முடித்தார்கள்? நான் பக்கத்திலேயேதானே உட்கார்ந்திருந்தேன்!

சொன்னபடியே கோயிலில் மாமா மடியில் உட்கார்ந்து, ஊரே கேட்கக் கத்தினேன். மாமா விரலில் எண்ணெய் தொட்டு என் காதில் தடவினார்.

“தேங்கா எண்ணெ காதுக்குத்தான் போடணும். பேரிங்குக்குப் போடக் கூடாது” என்று அப்பாவுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னார்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பெற்ற பிள்ளை வலியில் துடிக்கும்போது எந்தத் தாயாவது சிரிப்பாளா? எனக்கு வந்த கோபத்தில், இரண்டு நாள் நான் அம்மாவோடு பேசவில்லை.