நீராவிக்குக் கைதட்டினார்கள்

அமீரகத்தின் அல் ஐன் நகரைத் தாண்டி, மலையடிவாரத்தில் பூமியைத் துளைத்துக் கிணறு போட்டு வெந்நீர் எடுக்கும் சைட்டில் நான் பைப் ஃபிட்டராக இருந்தேன். ஆழத்திலிருந்து கொதித்து ஏறிவரும் உப்புநீரின் சூட்டில் கரண்ட் எடுப்பார்கள்; மிச்சச் சூட்டில் குடியிருப்புகளுக்கு வெந்நீர் போகும். என் ரூமிலேயே தங்கி என்னோடு வேலை பார்த்தவர் ராமநாதபுரத்துக்காரர். வயதில் மூத்தவர் என்பதால் அண்ணே என்பேன்.

முதன்முதலாக வால்வைத் திறந்து காட்டும் நாள். பெரிய மனிதர்கள் தூரத்தில் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். திறந்த கொஞ்ச நேரத்தில் குழாய் இணைப்பொன்று கசிந்தது. அண்ணன் எஞ்சினியரிடம் ஓடினார். அவரும் தமிழர்தான், கோயம்புத்தூர்.

“சார், நடுவுல இருக்கற கேஸ்கட் வளையம் போயிருச்சு. லைனை மூடிட்டுத்தான் மாத்தணும்.”

“அவங்க முன்னாடி மூடறதா? போல்ட்டை டைட் பண்ணுங்க, போதும்.”

“சூட்டோட டைட் பண்ணா பிச்சுக்கும் சார்.”

“வேலை பாக்கறியா, ஊருக்குப் போறியா?”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஸ்பானரை எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டாவது போல்ட்டை அவர் திருகும்போது இணைப்பு பிய்த்துக்கொண்டது. அவர் கைகளிலும் நெஞ்சிலிருந்து தொடைவரையும் உப்பு வெந்நீர் அடித்தது. ஆவி மேகம்போல எழும்பியது. பந்தலில் இருந்தவர்கள் அதையும் நிகழ்ச்சி என்றே நினைத்துக் கைதட்டினார்கள். அண்ணனின் சட்டையைக் கழற்றப் பார்த்தேன். தோலும் கூடவே வந்தது.

“பின்பக்கமா கொண்டு போங்க, சீக்கிரம். யல்லா, யல்லா!” என்ற எஞ்சினியர், டையைச் சரிசெய்துகொண்டு பந்தலை நோக்கி நடந்தார்.

மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். எஞ்சினியர் வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல் அண்ணன் தானாகவே போல்ட்டைத் தொட்டார் என்று எழுதியிருந்தது.

“அவன் எப்படியும் ஊருக்குப் போயிருவான். நீ இங்க இருக்கணும்ல?”

நிதானமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதமே என்னை ஃபோர்மேன் ஆக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் அண்ணனின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. கஞ்சியை நான்தான் ஊட்டினேன்.

“எம்மேலதான் தப்புன்னு எவனோ எழுதிக் குடுத்துட்டானாம்ப்பா. யாருன்னு தெரியுமா?”

“தெரியலண்ணே” என்று அடுத்த கரண்டியை நீட்டினேன். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார்.

காயம் ஆறியதும் ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். இப்போதும் அவ்வப்போது போன் செய்கிறார். வெந்த இடத்தில் வியர்ப்பதில்லையாம். வெயிலில் நின்றால் உடம்பு தீயாய் எரிகிறதாம். எல்லாம் சொல்லிவிட்டுக் கேட்பார்.

“அந்தக் கெணறு ஓடுதா தம்பி?”

“நல்லா ஓடுதுண்ணே” என்பேன்.