கூழ் குடித்த பிறகு ஒரு மணி நேரம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, கரும்பு வெட்டு மும்முரமாக நடந்துகொண்டிருந்த மாசி மாதக் கடைசி. மூங்கில்துறைப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு கரும்புத் தோட்டத்தில் நடந்தது இது. நான் கள்ளக்குறிச்சியில் தையல் கடை வைத்திருக்கிறேன். மிஷினை மிதிக்காத நேரத்தில் புத்தகம் படிப்பேன். படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இது என் மனைவி கொடுத்திருக்கும் சான்றிதழ்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் கூடிப் படிப்போம். அந்த வருடம் முழுக்க ஒரே ஒருவரைத்தான் படித்தோம். உழைப்பவர்களுக்காகவே எழுதிய, தாடி வைத்த அந்த வெளிநாட்டுப் புரட்சிக்காரர். சொந்த நாட்டில் இருக்க விடாமல் விரட்டப்பட்டவர். வாடகை வீட்டில் வறுமையில் கிடந்து, பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்து, அப்படியும் நூலகத்தில் போய் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தவர். அவர் வாழ்க்கையைச் சொல்லும் பக்கங்களை நான் திரும்பத் திரும்பப் படிப்பேன்.

அவருடைய நினைவு நாள் வந்தது. எப்போதும் அதே பத்துப் பேருக்கே பேசினால் எப்படி, உழைக்கிறவர்களிடமே போய்ப் பேச வேண்டாமா என்று கேட்டவனும் நான்தான், நானே போகிறேன் என்று கையைத் தூக்கியவனும் நான்தான்.

என்னிடம் சட்டை தைக்கும் ஒரு விவசாயியின் தோட்டத்தில் அப்போது வெட்டு நடந்தது. அவரிடம் எப்போது வரலாம் என்று கேட்டேன். "மத்தியானமா வாங்க. கூழு குடிச்சிட்டு சும்மாதான் குந்திக்கினு இருப்பாங்க" என்றார். வெட்டுகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உழைப்பாளிகளைப் பற்றிப் பேசப் போகிறவன், நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு போனேன்!

கல்வராயன் மலையிலிருந்து, வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்த பதினைந்து பேர் அங்கே இருந்தார்கள். வெட்டு முடியும்வரை தோட்டத்து ஓரத்திலேயே சோகையால், காய்ந்த கரும்புத் தோகையால், குடிசை போட்டுத் தங்குகிறவர்கள். நான் போனபோது கூழ் குடித்துவிட்டுப் புளியமரத்தடியில் படுத்திருந்தார்கள். ஒரு கிளையில் சேலைத் தூளி தொங்கியது. அதன் பக்கத்தில் ஓர் இளம்பெண் அப்போதுதான் தலையைச் சாய்த்திருந்தாள்.

எல்லோரையும் எழுப்பினேன். அரசாங்கத்திலிருந்து யாரோ வந்திருக்கிறார் என்று நினைத்து அவர்களும் எழுந்து வந்தார்கள். அந்த இளம்பெண் மட்டும் எழவில்லை. நான் கைதட்டி, "அம்மா, நீங்களும் வாங்க. பொம்பளைங்கதான் முக்கியமா கேக்கணும்" என்றேன். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

பேசினேன். என்ன பேச்சு! அவர் பட்ட பாட்டைச் சொன்னபோது இரண்டு பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். எனக்கு உற்சாகம் ஏறிவிட்டது. வயிற்றுக்காகச் செய்யும் வேலை முடிந்து, மிஞ்சுகிற நேரத்தில்தான் மனிதன் மனிதனாக வாழ்கிறான், அந்த நேரம் வேண்டுமென்றால் வேலை நேரம் குறையவேண்டும் என்று அவர் எண்ணியதை விளக்கினேன். ஓய்வு பிச்சை இல்லை, உரிமை என்று முழங்கினேன். தூளியில் குழந்தை சிணுங்கியது. அந்தப் பெண் எழுந்துபோய் ஆட்டினாள். ஆட்டியபடியே அவளுக்குக் கண் சொருகியது. என் பேச்சு எட்டவில்லை போலிருக்கிறது என்று நான் குரலை இன்னும் உயர்த்தினேன்.

டிராக்டர் வரும் சத்தம் கேட்டது. எல்லோரும் கத்தியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றேன், பெருந்தன்மையாக.

அந்தக் குழுவின் மேஸ்திரி ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். "அவரு சொன்னது நியாயந்தாங்க. ஓய்வு வேணும். ஆனா எங்களுக்கு இருக்கறது கூழு குடிச்ச பின்னாடி இந்த ஒரு மணி நேரந்தான். அதத்தான் நீங்க பேசியே தீத்துட்டீங்க" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று சொல்வதுபோல் சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். அந்த இளம்பெண்ணின் குழந்தைக்கு மூன்று மாதம். சளி பிடித்து நான்கு நாளாக அவளைத் தூங்கவிடவில்லை. முந்தின நாள் வெட்டும்போது தூக்கக் கலக்கத்தில் கத்தி நழுவி, முழங்காலுக்குக் கீழே சேலையைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது. நூலிழையில் கால் தப்பியது. அதனால் இன்று அந்த ஒரு மணி நேரம் அவள் தூங்கியே ஆகவேண்டும், தூளியை மற்றவர்கள் பார்த்துக்கொள்வது என்று பேசி வைத்திருந்தார்கள். "இப்ப அவ கையில கத்தியக் குடுக்க எனக்கே பயமா இருக்குதுங்க" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர் சிரித்தார். "எங்க செட்டுல ஒரு பழக்கம் இருக்குதுங்க. கூழு குடிச்சிட்டுப் படுத்தவங்கள ஆரு எழுப்புனாலும், எழுப்புனவங்கதான் எழுந்தவங்க வேலையச் செய்யணும். மேஸ்திரியா இருந்தாலும் அதேதான். கத்தி உங்களுக்கு ஆவாது. அவ பங்க நான் வெட்டறேன். என் பங்குக்கு நீங்க கரும்புக் கட்டு தூக்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நானும் சிரித்தேன். யாரும் நகரவில்லை. விளையாட்டு இல்லை என்று புரிந்தது. "சொக்கா கைய இறக்கி வுட்டுக்கங்கண்ணா, சொணை பட்டா அரிக்கும்" என்று ஒருவர் அக்கறையாகச் சொன்னார்.

இருபது வருடமாகத் துணியோடு பிழைக்கிறவனுக்கு ஒழுங்காக ஒரு சும்மாடு சுற்றத் தெரியவில்லை. அவர்கள்தான் சுற்றி வைத்தார்கள். முதல் கட்டுக்கே கழுத்து தோளுக்குள் போய்விட்டது. டிரெய்லரில் சாய்த்திருந்த பலகையில் ஏறியபோது அது என்னோடு சேர்ந்து ஆடியது. நாலாவது கட்டு ஏற்றுவதற்குள் இரண்டு கையும் சோகை கிழித்த கோடுகள். மொபெட்டை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்போது மரத்தடியைப் பார்த்தேன். அந்தப் பெண் ஒருக்களித்துப் படுத்து, ஒரு கையைத் தூளிமேல் போட்டபடி தூங்கிக்கொண்டிருந்தாள். டிராக்டர் உறுமியும் அசையவில்லை. குழந்தையும் தூங்கியது. எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? எந்தக் கூட்டத்தில் எவ்வளவு கைதட்டல் வாங்கியும் அப்படி ஒரு நிறைவு வந்ததில்லை. கட்டு மட்டும் லேசாகிவிடவில்லை, கனம் கனம்தான். ஆனால் ஓடவேண்டும் என்ற எண்ணம் போய்விட்டது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்கி எழுந்து வந்தாள். முகம் தெளிந்திருந்தது. தலையெல்லாம் சோகையாக நின்ற என்னைப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, எனக்கோசரமா தூக்கிக்கினு இருந்தீங்க? என்ன எழுப்பியிருக்கலாமே" என்றாள்.

"இன்னொரு தடவை எழுப்பினா இன்னொரு லோடும் என் தலையிலதாம்மா ஏறும்" என்றேன். மேஸ்திரி உட்பட எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கிளம்பும்போது ஒரு கட்டுக் கரும்பைக் கொடுத்து, "அந்தப் பெரியவரு கத நல்லாத்தான் இருந்துச்சு. மழ நாள்ல மலைக்கு வந்து சொல்லுங்க, குந்திக் கேக்கறோம்" என்றார் மேஸ்திரி. ஐப்பசியில் போனேன். இந்தத் தடவை அவர்களைக் கேட்டுக்கொண்டுதான் போனேன்.

அன்று கழுத்து வலியோடு வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் எனக்கு இன்னொன்று உறைத்தது. என் கடையில் காஜா எடுக்கும் பெண் ஏழு வருடமாக வேலை செய்கிறார். சாப்பாட்டு டப்பாவை மூடும் முன்பே "சீக்கிரம் வாம்மா" என்று அவரைக் கூப்பிடும் குரல் என்னுடையது.

மறுநாளிலிருந்து மதியம் இரண்டு முதல் மூன்று வரை என் கடையில் மிஷின் ஓடுவதில்லை. அவசரத்துக்கு வருகிறவர்கள் திட்டுகிறார்கள், திட்டட்டும். அந்தப் புரட்சிக்காரரைப் பற்றிப் படித்ததில் பாதி எனக்கு மறந்துவிட்டது. ஆனால் அவர் யாருக்காக எழுதினார் என்பது, உள்ளே துணிமூட்டையில் சாய்ந்து அந்த அம்மா கண்ணயரும் ஒரு மணி நேரத்தில் எனக்குத் தினமும் புரிகிறது.