ஈரத்தில் தெரியாத பெயர்

கண்ணாடியில் பெயர் அரிக்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பாண்டிச்சேரிக் கடையில் வாங்கிய, கண்ணாடியை அரிக்கும் கிரீம் டப்பாவின் மேல் அச்சடித்திருந்ததைப் படித்து, ஒரு பெட்டித் தம்ளரைப் பாழாக்கிக் கற்றுக்கொண்டேன். ஸ்டிக்கர் தாளில் பெயரை வெட்டி எடுத்துத் தம்ளரில் ஒட்டி, வெட்டிய இடத்தில் கிரீமைத் தடவி, கொஞ்ச நேரம் விட்டுக் கழுவ வேண்டும். கழுவியதும் ஒன்றும் தெரியாது. ஈரம் காய்ந்தால்தான் எழுத்து வெள்ளையாக வரும். வந்த பிறகு சுரண்டினாலும் போகாது.

விழுப்புரத்து வீட்டில், சமையல்கட்டை ஒட்டிய நடையில்தான் வேலை. பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு, கல்யாணத்துக்கு, டீச்சர் ரிட்டயர் ஆவதற்கு என்று எங்கள் மாதா கோயில் ஆட்கள் கேட்டு வாங்கிப் போனார்கள். என் நாத்தனாருக்குத்தான் அது கண்ணை உறுத்தியது. எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை இல்லை. ஒரு நாள் குழாயடியில், நான் குடத்தோடு நிற்கும்போதே, நாலு பொம்பளைகளிடம் சொன்னாள்.

“எங்க அண்ணி ஊரான் பேரையெல்லாம் எழுதிக்கினு கெடக்குது. தன் வயித்துல ஒண்ணு எழுதத்தான் வக்கில்ல.”

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை அன்றோடு போயிருக்கும்.

அடுத்த வருஷம் அவளுக்கு வளவனூரில் மாப்பிள்ளை அமைந்தது. “ஊருக்கெல்லாம் பண்றீங்க, எனக்குக் கெடையாதா அண்ணி?” என்று அதே வாயால் கேட்டாள். ஆறு தம்ளர்களில் அவள் பெயர், நடுவில் ஒரு இதயம், அந்தப் பக்கம் அவன் பெயர். மனசில் என்ன இருந்தாலும் கை நேர்மையாகத்தான் வேலை செய்தது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வாரம் கோயிலில் வாசிக்கும் அறிவிப்பில், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முதல் ஓலை வாசித்தார்கள். இரண்டாம் ஓலைக்குள் மாப்பிள்ளை வேறொருத்தியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

“ஒடைச்சிப் போட்டுடுடி” என்றார் மாமியார். ஆனால் புதுப் பொருளை உடைக்க அவருக்கே மனசு வரவில்லை. பேப்பரில் சுற்றி, வந்த பெட்டியிலேயே போட்டுப் பரண்மேல் வைத்தார். பக்கத்திலேயே அதே மாதிரிப் பெட்டியில் நான் ஆர்டருக்கு வாங்கிய வெறும் தம்ளர்கள் ஆறு இருந்தன.

இரண்டு வருஷம் கழித்துத் திண்டிவனத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நல்ல இடம். பழைய சங்கதி அவர்களுக்குத் தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. எவர்சில்வரில் கொடுத்தால் மதிப்பில்லை என்று மாமியார் பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கி, தூசி படிந்த தம்ளர்களை அப்படியே தண்ணீரில் முக்கி அவசர அவசரமாகக் கழுவினார். ஈரத் தம்ளர் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

“இது வெறும் கிளாஸ்தானே?”

பெட்டியின் மூலையில் நான் வைத்த பேனாக் கோடு தெரிந்தது. எந்தப் பெட்டி என்று எனக்குத் தெரியும்.

“ஆமாங்க அத்த. ஜல்தியா ஊத்துங்க, டீ ஆறுது.”

நாத்தனார்தான் தட்டை எடுத்துப் போனாள். நல்லாத்தான் இருந்தாள், மல்லிகைப்பூவும் ரோஸ் கலர் புடவையுமாக. நான் கதவோரம் நின்றேன். சூட்டில் தம்ளர்கள் சீக்கிரம் காய்ந்தன. மாப்பிள்ளையின் அம்மா இரண்டு வாய் குடித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தம்ளரைத் திருப்பினார்.

“பொண்ணு பேரு போட்டுக்கிது. இது யாரு பேரும்மா?”

மாப்பிள்ளையும் தன் கையிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தான். ஆறிலும் அதே பெயர்கள்.

“ஓலை வாசிச்சிட்டீங்களா இந்தப் பொண்ணுக்கு?” என்றார் அவன் அம்மா.

“ஒரு ஓலைதாங்க” என்றார் மாமியார்.

சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள். சொல்லி அனுப்பவில்லை. எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் எதற்கு?

என் புருஷன் தன் அம்மாவைப் பிடித்துக் கத்தினார். “இவளைக் கேட்டுட்டுத்தான்டா ஊத்தினேன்” என்றார் மாமியார். “எங்கிட்ட எங்க அத்த கேட்டீங்க?” என்றேன் நான். அதன்பிறகு தனக்குப் புத்தி தப்பிவிட்டது என்று மாமியாரே நம்ப ஆரம்பித்தார். அடுப்பை அணைத்தோமா என்றுகூட என்னைத்தான் கேட்பார். சாகிறவரை அப்படித்தான் இருந்தார்.

திண்டிவனத்துக் கதை பரவிவிட்டது. நாத்தனாருக்கு அதற்கப்புறம் எந்த இடமும் கூடிவரவில்லை. எங்களோடுதான் இருக்கிறாள். எனக்கும் பிள்ளை பிறக்கவில்லை. புருஷன் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவள் அதைப் பற்றி என்னிடம் நேராகக் கேட்டதில்லை, சண்டைக்கு வந்ததும் இல்லை. அன்றைக்கு மாமியார் என்னைக் கேட்டபோது பூ வைத்துக்கொண்டு சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

அந்த ஆறில் ஒன்று மிச்சம். தினமும் சாயங்காலம் அதைக் கழுவி, ஈரத்தோடு என் வேலை மேஜைக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள்.

“அண்ணி, இது வெறும் கிளாஸ்தானே?”

“ஆமாம்மா” என்பேன். டீயை ஊற்றிக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்து, எழுத்து முழுசாக வரும்வரை மெதுவாகக் குடிப்பாள்.