ழகரம் வராத டீச்சர்

எண்பத்தொன்பதில், எழுபத்தைந்தாவது வயதில் அம்மா இறந்தாள். இரங்கல் கூட்டத்தில் ஆளாளுக்கு எழுந்து, "கோபமே அறியாத தெய்வப்பிறவி" என்று பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படி ஒரு பொய்யோடு அவளை அனுப்பிவைக்க மனமில்லாமல்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா, ஊருக்குக் கௌரியம்மாள் டீச்சர், அம்மையார்குப்பத்து நெசவுக்காரர் வீட்டுப் பெண். வீட்டில் பேசியது தெலுங்கு, படித்தது தெலுங்கு, இருபது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தியதும் தெலுங்கில். கிருத்திகை தவறாமல் பட்டினி கிடந்து திருத்தணி மலையேறி, முப்பத்தெட்டு வயதில் என்னைப் பெற்றாள். அறுபதில் திருத்தணி ஆந்திராவை விட்டுச் சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. இனித் தமிழில்தான் நடத்த வேண்டும் என்றார்கள். கண் நோகப் படித்துப் பரீட்சை எழுதித் தேறினாள். எல்லாம் வந்தது, 'ழ' மட்டும் நாக்கில் ஏறவில்லை.

அறுபத்திரண்டில் எங்கள் பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். ஐந்தாம் வகுப்பில் பாடம் வாசித்த அம்மா 'வாழைப்பழம்' வந்த இடத்தில் "வாளைப்பளம்" என்றாள். தலைமையாசிரியர் சுந்தரமூர்த்தி எழுந்து வந்தார். கோயில் மண்டபத்தில் சொற்பொழிவு செய்கிற தமிழ்ப் புலவர் அவர்.

"வாளைன்னா மீனு, டீச்சர். மீனுல ஏது பழம்? பசங்களா, டீச்சருக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

வகுப்பே சிரித்தது. மூன்றாவது பெஞ்சில் இருந்த நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னையே நான் இன்னும் மன்னிக்கவில்லை. அந்த ஆளை எப்படி மன்னிப்பேன்?

அன்றைக்கே அம்மாவின் பதிவேட்டில் எழுதினார்: 'ழகரம் வராது. ஒன்றாம் வகுப்புக்கு மேல் தகுதியில்லை.'

அதிலிருந்து ஒவ்வொரு கிருத்திகைக்கும் மலைப்படி ஏறும்போது, படிக்கு ஒரு தரம் மழை, பழம், கிழவி என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். மந்திரம் ஜெபிக்கிறாள் என்று நினைத்து எதிரே வந்தவர்கள் கும்பிட்டார்கள். ஒரு வருஷத்தில் நாக்கு வளைந்துவிட்டது. சுந்தரமூர்த்தியின் முன்னால் போய் நின்று ஒரு பக்கம் முழுக்கப் பிசிறில்லாமல் வாசித்துக் காட்டினாள்.

"அந்த வரிய அடிச்சிடுங்க, சார்."

"பதிவேட்டுல ஏறினது ஏறினதுதான்" என்றார் அவர்.

வருஷம் தவறாமல் கேட்டாள். அவர் அடிக்கவில்லை. எழுபத்திரண்டில் ஒன்றாம் வகுப்பு டீச்சராகவே ஓய்வு பெற்றாள். "முருகனுக்கே கோபம் தணிஞ்ச மலைம்மா இது, நீயும் விட்டுடேன்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"சாமி சூரன வதச்சிட்டு வந்து தணிஞ்சிச்சி. நான் யார வதச்சேன்?" என்றாள், நெற்றியில் விபூதியை இட்டுக்கொண்டே.

பேச்சு சரியாக வராத பிள்ளைகளை ஊரார் அம்மாவிடம்தான் அழைத்து வருவார்கள். எண்பதில் சுந்தரமூர்த்தியையே அவர் மருமகள் ரஞ்சிதம் ரிக்ஷாவில் அழைத்து வந்தாள். வாதம் வந்து அவர் வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது.

"சோறு கேக்கக்கூட வாய் வர்லீங்கம்மா. கையக் காட்டிகினு அழுவறாரு. நீங்கதான் எதுனா பண்ணணும்."

நான் கதவைச் சாத்தப் போனேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க, சார்."

ஏழு மாதம் நடந்தது. காலையில் பூஜை முடிந்ததும் அ, ஆ என்று ஒன்றாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து ஆரம்பிப்பாள். அவர் எச்சில் ஒழுக உளறுவார். அவள் துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் சொல்ல வைப்பாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வயிறு எரிந்தது. தை பிறப்பதற்குள் அவர் கோவையாகப் பேசினார், பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒரே ஒரு எழுத்துதான் பாக்கி.

"மண்டபத்துல மறுபடியும் பேசக் கூப்டறாங்க, டீச்சர். தமிள்னு சொன்னா சிரிப்பாங்க. அந்த எளுத்த மட்டும் வர வெச்சிடுங்க" என்றார். நல்ல கையைத் தூக்கிக் கும்பிட்டார். கண்ணில் நீர் நின்றது.

அம்மா புத்தகத்தை மூடினாள்.

"அது எனக்கு வராதுங்களே, சார். நீங்கதானே எழுதினீங்க?"

'எழுதினீங்க' என்பதில் ழகரம் அட்சர சுத்தமாக விழுந்தது. அவருக்கும் அது நன்றாகவே கேட்டது. அதற்குப் பிறகு அவர் எந்த மண்டபத்திலும் பேசவில்லை.