எண்ண முடியாத பெயர்களும் என் ஓரகத்தியும்

அடுத்த வீட்டுச் சமையலறை மேசையில் ஒரு ரொட்டிப் பொட்டலம் பிரிந்து கிடந்ததும், அதன் முன்னால் உட்கார்ந்து என் மகள் வாய்விட்டுச் சிரித்ததும் இன்றும் கண்ணில் நிற்கின்றன. என்னிடம் ஆங்கிலம் படிக்கும்போது அவள் ஒருநாளும் சிரித்ததில்லை.

பத்து பகாட் ஊரில் நான் ஆங்கில ஆசிரியையாக இருந்தேன். அடுத்த வீட்டில் இருந்த என் கொழுந்தன் மனைவி வேறொரு பள்ளியில் மலாய் சொல்லிக்கொடுத்தாள். தொடக்கப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்த என் மகளுக்கு எண்ண முடியாத பெயர்ச்சொற்கள் மண்டையில் ஏறவே இல்லை. பிரெட், ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன் எதற்கும் ‘எஸ்’ போடாதே என்று உருப்போட வைப்பேன். மறுநாளே ‘டூ பிரெட்ஸ்’ என்று எழுதிக்கொண்டு வந்து நிற்பாள். நான் கத்துவேன், அவள் அழுவாள். அன்று கோபித்துக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். கூட்டி வரப் போன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

“மலாய்ல ரெண்டு ரொட்டிய எப்படிக் கேப்ப?”

“துவா கெப்பிங் ரோத்தி.”

“பாத்தியா, கெப்பிங்னு துண்டத்தான் எண்ணுற, ரொட்டிய எண்ணல. இங்கிலீஷும் அப்படித்தான் லா. டூ ஸ்லைசஸ் ஆஃப் பிரெட்.”

“அப்ப ஃபர்னிச்சருக்கு ‘பீஸ்’ போடணுமா சித்தி?”

எனக்கு வயிறு எரிந்தது. மலாய் எனக்கும்தான் தெரியும், அது ஏன் எனக்குத் தோன்றவில்லை? என்னைப் பார்த்ததும் ஓரகத்தி, “அக்கா, உங்க பொண்ணுக்குக் கற்பூர புத்தி லா, சொன்னதும் புடிச்சிக்கிட்டா” என்றாள். நல்லவளாகவும் இருந்து தொலைத்தாள். கெட்டவளாக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அதன்பின் எந்தச் சந்தேகம் வந்தாலும் மகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் ஓடினாள்.

இப்போது மகள் தெப்ரா பக்கம் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியை. அம்மா மாதிரியே வந்துவிட்டாள் என்று உறவினர்கள் சொல்லும்போது எனக்கு மனம் குளிர்ந்துபோகும். அவளோ உடனே சித்தியைத் திரும்பிப் பார்ப்பாள். பெற்றவள் நான் இங்கே நிற்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் போன் செய்தாள். “நாளைக்கு கிளாஸ்ல அன்கவுண்டபிள் நவுன்ஸ் எடுக்கணும்மா” என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எங்கே தொடங்குவது என்றுகூட மனதுக்குள் யோசித்துவிட்டேன்.

“சித்திகிட்ட ஒன்னு கேக்கணும், போன எடுக்க மாட்டேங்கிறாங்க. வீட்டுல இருக்காங்களான்னு கொஞ்சம் பாருங்களேன்.”

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஓரகத்தி கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“ஆளக் காணோம்டி” என்றேன். “என்கிட்ட கேளேன்.”