தேயிலைக் கட்டையில் ஒரு கொக்கி

என் மூத்த மகள் தவழத் தொடங்கிய சமயத்தில்தான் என் வலது கை மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், இலங்கை மலையகத்தில் கந்தப்பளைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். முதலில் பெருவிரலில் ஒரு குடைச்சல். பிறகு அது முழங்கைக்கு ஏறி, தோளின் முன்பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒடித்த கொழுந்தைத் தோளுக்கு மேலாக முதுகுக் கூடைக்குள் போடவேண்டுமே, அப்போதுதான் உயிர் போகும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் சிலுவை போடக்கூடக் கை நெற்றிக்கு ஏறவில்லை. இடது கையால் போட்டேன். பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தவள் என் விலாவில் இடித்து, "என்னடி, புது வேதத்துல சேந்துட்டியா?" என்றாள். மற்ற நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அன்றைக்கு அழுகைதான் வந்தது.

வேலையை எப்படியோ சமாளித்துவிட்டேன். பிள்ளையைத் தூக்க முடியவில்லை என்பதுதான் என்னைத் தின்றது.

வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா என்று ஒன்று உண்டு. தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகத் தொட்டில்கள் தொங்கும். அதைப் பார்த்துக்கொண்டவரைத் தோட்டமே ஆயாக்கா என்று கூப்பிடும். நாற்பதைத் தாண்டிய மனுஷி, சொந்தமாகப் பிள்ளை இல்லை. பகலில் பால் கொடுக்க நான் ஓடி வந்தால், மகளைத் தொட்டிலிலிருந்து எடுத்து என் மடியில் வைப்பது அவர்தான். குடித்து முடித்ததும் தூக்கிக்கொள்வதும் அவர்தான். என் வீட்டுக்காரருக்குத் தோட்டத்தின் அடுத்த டிவிஷனில் கவ்வாத்து வேலை, முதிர்ந்த தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிவிடுவது. அவர் வந்துசேர நேரமாகும் என்பதால், சாயங்காலத்தில் ஆயாக்காவே என் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசை வரைக்கும் மேடேறி வந்து விட்டுப் போவார். நான் வெறுங்கையை வீசிக்கொண்டு பின்னால் வருவேன்.

ஒரு நாள் வயிறு நிறைந்ததும் என் மகள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் மடியில் இருந்தபடியே ஆயாக்காவைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டினாள். பெற்றவள் நான், பால் என்னுடையது, ஆனால் அவள் தேடிய கை என்னுடையதில்லை. எனக்கு அப்படி ஒரு பொறாமை வந்தது. அன்று கொழுந்து பறிக்க மலைக்குத் திரும்பும் வழியெல்லாம் ஆயாக்காவை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன். பாவம், அந்த மனுஷி என்ன செய்தார்? இன்னும் கொஞ்ச நாள் போனால் என் பிள்ளை என்னை மறந்தேவிடுவாள் என்று பயந்துபோயிருந்தேன், அவ்வளவுதான்.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. நொச்சி இலையை வதக்கிக் கட்டினேன். உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்தேன். டிஸ்பென்சரியில் மருந்துக்கார ஐயா, "எங்கம்மா வலி?" என்று கேட்டார். கையைக் காட்டினேன், கைக்குத் தைலம் கொடுத்தார். கேட்டதைத்தானே அவர் கொடுக்க முடியும்! வீட்டுக்காரர் அந்தத் தைலத்தை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தால், கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்த கையல்லவா, எலும்பு நொறுங்கும்.

"ஐயையோ, விடுங்க! நான் என்ன தேயிலைச் செடியா?"

"அப்ப எங்கதான் புள்ள வலிக்குது?"

"கையிலதாங்க."

"கையிலதானே தேய்க்கிறேன்!" என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார்.

ஒரு தூறல் நாளில் கொழுந்து நிறுத்து முடிந்து, கூடையை இறக்கி வைத்துவிட்டு, நிழலுக்கு நட்டிருந்த சவுக்கு மரத்தில் சாய்ந்தேன். கிளை வெட்டின இடத்தில் ஒரு கணு துருத்திக்கொண்டிருந்திருக்கிறது. அது என் வலது தோள்பட்டை எலும்பின் மேல், பின்பக்கச் சதையில் போய் அழுந்தியது. அம்மாடி! மரம் தொட்டது முதுகை, வலித்ததோ பெருவிரல். அதே குடைச்சல், அதே வழியாகத் தோளைச் சுற்றி, முழங்கையைத் தாண்டி, விரலுக்கு ஓடியது. துள்ளி விலகினேன். பிறகு சந்தேகம் வந்து மறுபடி சாய்ந்தேன். மறுபடியும் பெருவிரல்தான். அந்தச் சதைக்குள்ளே கொட்டைப்பாக்கு மாதிரி ஒன்று இறுகிக் கிடந்தது. இத்தனை நாளும் அங்கே இருந்த வலிக்கு நாங்கள் இங்கே தைலம் போட்டுக்கொண்டிருந்தோம்.

விலக மனமில்லாமல் அப்படியே சாய்ந்து நின்றேன். மூச்சை இழுத்து விட இழுத்து விட, பெருவிரலில் ஓடின குடைச்சல் மெல்ல மெல்ல மெலிந்தது. விலகிக் கையைத் தூக்கிப் பார்த்தேன், காதுவரைக்கும் போனது! அந்தச் சந்தோஷத்தில் திரும்பவும் மரத்தில் போய் ஒட்டிக்கொண்டேன். வேலையை மேற்பார்க்கும் கங்காணி கண்ணில் பட்டுவிட்டது.

"ஏம்மா, மரத்துல முதுகு சொறியிறதுக்கா ஒனக்கு இன்னிக்குச் சம்பளத்துல பேரு போட்டிருக்கு?"

"மரமே கோவிச்சுக்கல கங்காணி, நீங்க ஏன் கோவிக்கிறீங்க?" என்றேன். பெண்கள் எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

என் அவசரபுத்தி சும்மா இருக்குமா? சீக்கிரம் சரியாகிவிட வேண்டுமென்று மறுநாள் முழு பலத்தையும் போட்டு அந்தக் கணுவில் அழுத்தினேன். தோல் கன்றி நீலமாகிவிட்டது, கை முன்பைவிட மோசமாகி, நான் படுத்துவிட்டேன். "சோறுன்னா அள்ளித் திங்கலாம், மருந்தையும் அப்படித் திம்பியா?" என்று வீட்டுக்காரர் கத்தினார். கத்திக்கொண்டேதான் சுடுநீர் வைத்துத் துணியை நனைத்துப் போட்டார்.

பிறகு அவரே, "அந்த எடம் எது, காட்டு" என்று பெருவிரலை வைத்துத் தேடினார். கீழே என்றேன், மேலே என்றேன், ஐயோ அது எலும்பு என்றேன். நான் சொல்லி அவர் போய்ச்சேருவதற்குள் இடம் தவறிப்போகும். "வலி ஒனக்குத்தான் தெரியும். நீயே புடிச்சாத்தான் சரிவரும்" என்று எழுந்து போய்விட்டார். அலுத்துப்போய் விட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

இரண்டொரு நாள் கழித்துக் கவ்வாத்து மலையிலிருந்து ஒரு தேயிலைக் கட்டையோடு வந்தார். தானாகவே வளைந்து வளர்ந்த கொம்பு, கொக்கி மாதிரி. நுனியில் ஒரு முண்டு. கத்தியால் சீவி, உடைந்த போத்தல் கண்ணாடியால் சுரண்டி, அந்த நுனியைக் குழந்தையின் முழங்கால் போல வழவழப்பாக்கினார். ஆனால் அதைத் தன் உடம்புக்கு அளவு பார்த்துச் செய்துவிட்டார். நான் தோளில் மாட்டினால் முண்டு என் இடுப்புக்கு இறங்கியது. நான் சிரித்த சிரிப்பில் லயத்தில் அடுத்த காம்பராவில் குடியிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மனுஷனுக்கு ரோஷம் வந்து இன்னொரு கொம்பு தேடிக் கொண்டுவந்தார். இந்த முறை என் தோளில் சாண் போட்டு அளந்தார். அளந்தார், அளந்தார், அளந்துகொண்டே இருந்தார்.

"ஒரு தோளுக்கு இவ்வளவு நேரமா?"

"கட்டை வீணாப் போயிரக் கூடாதுல்ல" என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அந்தக் கொக்கியை வலது தோளுக்கு மேலாகப் பின்னால் போட்டு, முன்னால் தொங்கும் கீழ் நுனியை இடது கையால் இழுத்தால், முண்டு சரியாக அந்த இடத்தில் போய் உட்காரும். பல்லைக் கடிக்க வைக்கும் அழுத்தம் கூடாது. வலிக்க வேண்டும், ஆனால் மூச்சு இயல்பாக வரவேண்டும். சதை இளகுகிற மாதிரி தெரிந்ததும் விட்டுவிட வேண்டும். அப்புறம் கையை மெதுவாகச் சுற்றிவிட்டு, ஒத்தடம் வைத்துக்கொள்வேன். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன்னால் கொஞ்சம், வந்த பிறகு கொஞ்சம். யாரும் சொல்லித் தரவில்லை, கை சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். ஒரு நாள் நன்றாக இருக்கும், மறுநாள் பழையபடி குடையும். மழை விட்டுப் பனி இறங்கத் தொடங்கிய ஒரு காலையில்தான் கை தலைவரைக்கும் ஏறி, என் தலையை நானே பின்னிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் பிள்ளைக் காம்பரா வாசலில் ஆயாக்கா வழக்கம்போல மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு புறப்படத் தயாராக நின்றார்.

"எறக்கி விடுங்கக்கா. நான் தூக்கிக்கிறேன்."

அவர் என்னையும் என் கையையும் பார்த்தார். மகளை இறக்கி நிறுத்தினார். மகள் அவருடைய சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பி ஆயாக்காவைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். நீட்டின கையை மடக்கவும் தெரியவில்லை.

ஆயாக்கா தூக்கவில்லை. "ஆயாகிட்ட கை இல்லியே சாமி! பாரு, கை காணாமப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கைகளையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மகள் கொஞ்ச நேரம் அவர் கையைத் தேடினாள். உதட்டைப் பிதுக்கினாள். பிறகு, வேறு வழியில்லை என்பதுபோல், என் பக்கம் திரும்பித் தொப்பென்று என் மேல் விழுந்தாள். தூக்கினேன். என்ன கனம் கனத்திருந்தாள் என் தங்கம்! என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அவள் தலைக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தேன். ஆயாக்காவின் இடது கை பின்னால் போயிருந்தது. வலது கை இடுப்போடு நின்றுவிட்டது. அதற்கு மேல் போகாமல் அவர் முகம் சுருங்கியது, கண் கலங்கியிருந்தது. பிள்ளையைக் கொடுத்த வருத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"கைக்கு என்னக்கா?"

"ஒன்னுமில்லடி. கொஞ்ச நாளா பெருவிரல்ல ஒரு கொடச்சல். இந்தப் பனிக்குத்தான்."

மறுநாள் பால் கொடுக்கப் போகும்போது கொக்கியையும் கையோடு கொண்டுபோனேன். மகள் குடித்துத் தூங்கிப்போனாள். நானே தொட்டிலில் கிடத்திவிட்டு, ஆயாக்காவைத் திரும்பி உட்காரச் சொன்னேன்.

"அங்க இல்லடி, எனக்குக் கையிலதான் வலி."

"தெரியும்க்கா. பேசாமத் திரும்புங்க."

கொக்கியை அவர் தோளில் மாட்டி, கீழ் நுனியை அவருடைய இடது கையில் கொடுத்தேன். "மெதுவா இழுங்க. நீங்களேதான் தேடணும்." அவர் இழுத்தார், கொஞ்சம் நகர்த்தினார், இழுத்தார். சட்டென்று "அடியே!" என்று தன் பெருவிரலைப் பார்த்தார்.

"இது எங்கருந்துடி வந்துச்சு எனக்கு?"

நான் தொட்டிலைக் காட்டினேன். அவர் என் மகளைத் தூக்கித் தூக்கி மேடேறின அத்தனை சாயங்காலமும் அதற்குள் தூங்கிக்கொண்டிருந்தது. ஆயாக்கா தொட்டிலை எட்டிப் பார்த்தார். பிறகு கொக்கியை விடாமல், வலிக்கிற கையால் தொட்டிலை ஒரு தடவை ஆட்டிவிட்டார்.