சவுக்குக் கழிக்காக ஒரு படையெடுப்பு

2024 ஆகஸ்ட் 20, செவ்வாய். காலை 5.10-க்கு எழுந்தேன். பிரஷர் மாத்திரை, ஒரு டம்ளர் டீ, பிறகு பாடு நோட்டு. ஏரியில் நீரோட்டம் நன்றாக உள்ள இடத்தில் வலை கட்ட வீட்டுக்கு ஒரு நாள் முறை வரும், அதுதான் பாடு. சீட்டுக் குலுக்குவது ஊர், எழுதி வைப்பது நான். புதன்கிழமை என் தம்பியின் முறை. வலைக்குப் புதுக் கயிறு போட்டுக் காத்திருந்தான்.

டீக்கடை டிவியில் ஒருவர், மக்களாட்சி நடக்கும் நாடுகள் ஒன்றோடு ஒன்று சண்டைக்குப் போவதில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவர் திருப்பாலைவனம் வழியாக ஒரு பஸ் பிடித்து எங்கள் ஊருக்கு வந்து பார்க்கலாம்.

ஆடி மாதத் தொடக்கத்தில், பக்கத்து ஊருக்கும் எங்களுக்கும் எல்லையாக ஏரியில் நட்டிருந்த சவுக்குக் கழி காணாமல் போனது. அவர்கள்தான் பிடுங்கினார்கள் என்று கூட்டம் முடிவு செய்தது. விசாரிக்கலாமே என்றவரை உட்காரச் சொன்னார்கள். வீட்டுக்கு ஒரு கை, அத்தனையும் உயர்ந்தன. நானும் தூக்கினேன், இடது கையை. வலது கை எண்ணிக்கை எழுதிக்கொண்டிருந்தது. பதினோரு படகில் போய் அவர்கள் வலைகளை அறுத்துவிட்டு வந்தோம். இவ்வளவு முறையாக நடந்த மடத்தனத்தை அதற்குமுன் நான் பதிவு செய்ததில்லை.

பதிலுக்கு வருவார்கள் என்று பயந்து ஆறு பேரைக் காவலுக்குப் போட்டோம், பத்து நாளைக்கு மட்டும். தலைவன் என் மனைவியின் தம்பி. முதல் வாரம் விசில் கேட்டான், அடுத்த வாரம் நாற்காலி. பத்து நாள் முடிந்ததும், ஆபத்து இன்னும் தீரவில்லை என்றான். எந்த ஆபத்து என்று கேட்டவருக்கு 'அந்த ஊர் ஆள்' என்று பெயர் வந்தது. அவர் தன் பெண்ணை அங்கே கட்டிக் கொடுத்திருந்தது மட்டும் உண்மை.

செவ்வாய் சாயங்காலக் கூட்டம், மச்சான் காவலுக்கென்று போட்டிருந்த கொட்டகையிலேயே கூடியது. கண் விழிக்கிறவர்களுக்குத்தான் இனி முதல் பாடு, நாளையிலிருந்தே, என்றான். தம்பி பெயரை அடிக்கச் சொன்னான். நான் பேனாவைத் திறந்துகொண்டு நடுக்கழியில் சாய்ந்தேன். முதுகில் ஏதோ உறுத்தியது. திரும்பினால் மூன்று வெட்டு, மேலே நீலப் பெயிண்ட். எல்லைக் கழிக்கு நான் போட்ட அடையாளம்.

"மச்சான், இந்தக் கழி ஏது?"

"கரையில ஒதுங்கிக் கெடந்துச்சு மாமா. அதுக்கு இப்ப இன்னா?"

"இதுக்குத்தான்டா சண்டைக்குப் போனோம்."

கழியைத் தடவிப் பார்த்தான். "அப்போ அவங்கதான் கொண்டாந்து போட்டிருக்கானுங்க. எவ்ளோ தந்திரம் பாரு. காவல இன்னும் கூட்டணும்."

யாரோ சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். ஓட்டு எடுத்தான். ஆறு பேரும் கம்போடு எழுந்து நின்று எண்ணினார்கள். கைகள் மெதுவாக ஏறின. என் இரண்டு கையும் நோட்டின் மேலேயே இருந்தன.

"எண்ணிக்கைய எழுதிட்டேன்," என்றேன். "தம்பி பேர நான் அடிக்கமாட்டேன். நோட்டு வூட்லதான் இருக்கும். உங்கக்காகிட்ட கேட்டு வாங்கி நீயே அடிச்சுக்கோ."

அவன் அக்காவிடம் விசில், நாற்காலி எதுவும் செல்லாது.

புதன் காலை, மாத்திரைகூடப் போடாமல், தம்பியும் நானும் முதல் வேலையாகக் கொட்டகையின் நடுக்கழியைப் பிடுங்கினோம். தூங்கிக்கொண்டிருந்த காவலர்கள் மேல் கூரை மெதுவாக உட்கார்ந்தது. கழியைப் படகில் ஏற்றிக்கொண்டு போய்ப் பழைய இடத்தில் நட்டோம். பிறகு தம்பி வலையைக் கட்டினான்.